முழங்கைச் சூடு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தால் சுற்றுவட்டாரத்துத் தண்ணீரெல்லாம் கொதிக்கும். அடுப்பில் ஏற்றிய தண்ணீர்தான் என்றில்லை. வாளியில் இருப்பது, பூச்சாடியில் நிற்பது, குழாய்க்குள் ஓடுவது, யாரோ பாதி குடித்துவிட்டு மேசைமேல் வைத்த தம்ளரில் மிஞ்சியது, எதுவானாலும் சரி. பிறந்த அன்றே தெரிந்துபோன விஷயம் இது. முதல் அழுகையை அவள் அழுத மாத்திரத்தில், குளிப்பாட்ட எடுத்து வைத்திருந்த தண்ணீர் தளதளவென்று பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. பிரசவம் பார்த்த செவிலி காலைத் தூக்கிக்கொண்டு நின்று, "என்னம்மா இது, பிள்ளை கேட்டா அடுப்பைப் பெத்து வச்சிருக்கே!" என்றாள். தாய்க்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஆனாலும் சிரித்தாள்.

ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல, காலையில் எழுந்ததும் அந்த வீட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைத் தொடங்கினார்கள். துணி துவைக்கிற நாளில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏய், உன் மூக்கை யாரு மிதிச்சது?" என்று சீண்டுவார்கள். அவள் காலை உதைத்துக் கத்துவாள். அவர்கள் ஆளுக்கொரு வாளி வெந்நீருடன் உள்ளே போவார்கள். விறகுக்கடைக்காரர் ஒருவர்தான் அவளைக் கண்டால் மிட்டாய் கொடுத்து, கன்னத்தைத் தடவி, கதை சொல்லிச் சமாதானப்படுத்துகிறவர், அவருக்கு வயிற்றுப்பாடு. எதிர்வீட்டு வாத்தியார் கண்ணாடித் தொட்டியில் ஆசையாக வளர்த்த மீன்கள் ஒரு மதியம் வெந்து மிதந்தன. அவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு பூனை வளர்க்க ஆரம்பித்தார். இப்படியாக எல்லாம் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது, தங்கை நடக்கப் பழகுகிற வரைக்கும்.

தங்கைக்கு அக்காவென்றால் உயிர். அக்கா உட்கார்ந்த இடத்தில் உட்காரும், அக்கா தும்மினால் தானும் தும்மிப் பார்க்கும். ஒரு நாள் அக்காவின் புதுப் பென்சில் பெட்டியை, மரத்தால் செய்தது, மூடியில் மயில் வரைந்தது, அதைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போய்ச் சலவைத் தொட்டியில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அக்கா பார்த்தபோது மயிலின் நிறமெல்லாம் கரைந்து தண்ணீர் நீலமாக இருந்தது. தங்கையின் இடது கை முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தது. அக்கா ஒரு சத்தம் போட்டாள். ஒரே ஒரு சத்தம்.

அம்மா ஓடி வந்தபோது குழந்தையின் கையைக் கண்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை. "யாருடி செஞ்சது?" என்று அம்மா பெரியவளைப் பார்த்துக் கேட்டாள். பதில் கீழேயிருந்து வந்தது. "நானே கெட்டிலைக் கவுத்துக்கிட்டேன்மா. அக்கா இங்க இல்லவே இல்ல." அக்கா அங்கேதான், ஒரு முழம் தள்ளி, புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். கெட்டில் அலமாரியில் காய்ந்து கிடந்தது. அந்தப் பொய்யை அவள் தன் ஆயுள் முழுக்க நினைவில் வைத்திருந்தாள். யாராவது அடித்துத் திருத்தியிருந்தால்கூட அவ்வளவு ஆழமாகப் போயிருக்காது.

அன்றிலிருந்து கோபப்படுவதில்லை என்று முடிவுகட்டினாள். வந்த கோபத்தையெல்லாம் வாய்க்குள் வைத்து விழுங்கினாள். அதில் இன்னொரு தொல்லை முளைத்தது. வீட்டுத் தண்ணீர் செத்துப்போனது. காலையில் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு சாயங்காலம் கல்லாகவே கிடந்தது. தேயிலை சாயம் இறங்காமல் மிதந்தது. சோப்பு நுரைக்கவில்லை. ஊற்றிய செடியெல்லாம் கருகியது. எல்லாவற்றையும்விட, அந்தத் தண்ணீரில் கழுவிய தங்கையின் காயம் ஆறவில்லை. "ஏண்டி, கொஞ்சமாவது கோபப்பட்டுத் தொலையேண்டி, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று அம்மா கெஞ்சினாள். கொதித்தாலும் ஆபத்து, செத்தாலும் ஆபத்து. அந்த வயதுப் பிள்ளைக்கு இது பெரிய சுமை.

தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா குளிப்பாட்டுகிற தண்ணீரில் விரலை விட்டுப் பார்க்க மாட்டாள், முழங்கையை விட்டுத்தான் பார்ப்பாள். "விரல் அடுப்புக்குப் பழகினது, பொய் சொல்லும். முழங்கை பொய் சொல்லாது" என்பாள். அது பெரியவளுக்கு நினைவுக்கு வந்தது. காயம் கழுவுகிற கிண்ணத்தில் தன் முழங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உள்ளேயிருக்கிற நெருப்பைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் உயிர்பெற்றது. ஏறியது. பயந்துபோய் மூடினாள். செத்தது. மறுபடி திறந்தாள். "இப்ப?" "சுடுதுக்கா." "இப்ப?" "ஜில்லுனு இருக்குக்கா." "இப்ப?" தங்கை சற்று யோசித்து, பெரிய மனுஷி மாதிரி, "இப்ப சரியா இருக்கு" என்றது. காயம் ஆறத் தொடங்கியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பளபளப்பான தழும்பு மட்டும் நின்றுபோனது. தங்கை அதை நீளக் கைச் சட்டையால் மூடிக்கொண்டது. தழும்புக்கு வெட்கப்பட்டு இல்லை. அக்கா பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

அந்த நாட்களில் அவள் ஜெபம் பண்ணின விதமும் மாறியது. முதலில் "ஆண்டவரே, இதை என்கிட்டயிருந்து எடுத்துரும்" என்று அழுவாள். எடுக்கப்படவில்லை. எவ்வளவு கேட்டும் எடுக்கப்படவில்லை. கடைசியில் ஒரு நாள், கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "சரி, எடுக்க வேண்டாம், பிடிச்சுக்கவாவது செய்யும்" என்றாள். அதற்குப் பதில் வந்ததா என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மறுநாள் தொடங்கி, முழங்கையை வைக்காமலே அந்தச் சூட்டைக் கண்டுபிடிக்க அவளால் முடிந்தது.

வளர்ந்து ஆளானதும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. தரைக்குக் கீழே இருந்த நீளமான அறை அது. சன்னல் கூரையை ஒட்டி உயரத்தில் இருக்கும். அதன் வழியாகப் போகிற வருகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். அவள் சேர்ந்த புதிதிலேயே பாய்லர் கெட்டுப்போனது. பழுது பார்க்க ஆள் கேட்டு எழுதினார்கள், ஆள் வரவில்லை, பிறகு வர வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. விரிப்புகளை அவள் தொட்டியில் போடுவாள், தண்ணீர் கொதிக்கும். கோபத்துக்கா பஞ்சம்? வார்டுகளிலிருந்து வருகிற விரிப்பை விரித்துப் பார்த்தாலே போதும். எந்த இரத்தம் நோயால் வந்தது, எது குடித்துவிட்டு வந்த கையால் வந்தது, எந்தத் தலையணை உறை அழுகையால் உப்பேறியது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு வேண்டிய கோபம் அந்த மூட்டைகளிலேயே கட்டி வந்தது. அதைத் தொட்டிக்குள் இறக்குவாள். துணி வெள்ளை வெளேரென்று வெளியே வரும். அவள் கைகழுவுகிற குழாயில் மட்டும் தண்ணீர் எப்போதும் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் வரும். கூடவேலை செய்தவர்கள் அவளை வெந்நீரக்கா என்றார்கள். குளிர்காலத்தில் செவிலியர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே இறங்கி வந்து அந்தக் குழாயடியில் விரல்களை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கொதிக்க வேண்டிய இடத்தில் மட்டும் கொதித்ததால், ஊர் மெல்ல மெல்ல அவளுக்குக் கோபம் உண்டு என்பதையே மறந்துவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அப்படித் தெரியாமல் வந்தவர்களில் ஒருவர் சபைக்கு மாற்றலாகி வந்த போதகர். நல்ல மனிதர், குழந்தைகளின் பெயரெல்லாம் நினைவில் வைத்திருப்பார், தினமும் சைக்கிளில் மருத்துவமனைக்கு வந்து படுக்கை படுக்கையாக நின்று ஜெபிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தகுணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பஞ்சைப் பற்றிச் சொன்னார், குளத்தைப் பற்றிச் சொன்னார், பேச்சின் சூட்டில் மேடையிலிருந்து கையை நீட்டி, "சாந்தம் என்றால் என்னவென்று கேட்கிறீர்களா? இதோ நம்முடைய சகோதரியைப் பாருங்கள். கோபம் என்கிற சரக்கையே கர்த்தர் இவர்களுக்குள் வைக்கவில்லை" என்றார். பின்வரிசையில் வயதான பெண்களுக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது பழைய விறகுக்கடைக்காரர், "ஐயா, அவங்ககிட்டயா சரக்கு இல்ல? என் கடையே அந்தச் சரக்காலதான் படுத்துச்சு" என்றார். போதகர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு அடுத்த கையைக் குலுக்கினார். வெந்நீரக்கா தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். தனக்கு உரிமையில்லாத சட்டையை யாரோ போட்டுவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

அதற்குள் தங்கைக்குக் கல்யாணமாகி இருந்தது. மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவன். ஊர் அவனை மரியாதையாகப் பஸ்காரர் என்றது; கதை அவன் என்றே சொல்லட்டும். அவன் ஓட்டினால் மடியில் வைத்த பால் சிந்தாது என்பார்கள். பூனைக்குட்டி குறுக்கே வந்தால் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, அதைத் தூக்கி ஓரத்தில் விட்டுவிட்டு வருவான். யார் திட்டினாலும் சிரிப்பான். அந்தச் சிரிப்பையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வான். தங்கை இரண்டு கையையும் மூடுகிற சட்டை போட ஆரம்பித்தாள். முன்பு ஒரு கைக்குத்தான் காரணம் இருந்தது.

வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு அவள் துணிந்து போதகரிடம் போய்ச் சொன்னாள். எல்லாம் சொல்லவில்லை, பாதி சொன்னாள். போதகர் உண்மையாகவே வருந்தினார். அவளோடு முழங்காலிட்டு ஜெபித்தார். எழுந்ததும், தனக்குத் தெரிந்ததிலேயே சிறந்த மருந்தைக் கொடுப்பவர்போல, "உங்க அக்காவைப் பாருங்கம்மா. அவங்க மாதிரி இருங்க. சாந்தமாப் பொறுத்துக்கிட்டா அவர் மனசு தானா இளகும்" என்றார். அக்காவைப் போல் இரு என்று யாராவது சொன்னால் அதற்கு மறுப்புச் சொல்லத் தங்கைக்குத் தெரியாது. திரும்பிப் போனாள். வாயை மூடிக்கொண்டு பொறுத்தாள். அவன் மனசு இளகவில்லை. நிறைமாதம் நெருங்கியது.

ஒரு புதன்கிழமை முற்பகல் அவசரப் பிரிவிலிருந்து வந்த மூட்டையை வெந்நீரக்கா அவிழ்த்தாள். விரிப்புகளுக்கு நடுவே நீளக் கைச் சட்டை ஒன்று சுருண்டு கிடந்தது. கழுத்துப் பட்டியில் இரத்தம் காய்ந்திருந்தது. சட்டையின் நிறத்துக்குப் பொருந்தாத பச்சைப் பொத்தான் ஒன்று அதில் இருந்தது. போன மாதம் வேறு பொத்தான் கிடைக்காமல் அவளே தைத்துக் கொடுத்தது. சலவைத் தொட்டியில் ஒரு குமிழ்கூட எழவில்லை. அவள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள்.

தங்கை சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். ஒரு கண் மூடிக்கொண்டு வீங்கியிருந்தது. வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும், சிறு வயதில் சொன்ன அதே குரலில், "படியில விழுந்துட்டேன்க்கா" என்றாள்.

"எந்தப் படியில?"

"வீட்லதான்."

"உன் வீட்ல படியே கிடையாதேடி."

தங்கை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெந்நீரக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எத்தனை நாளா?" என்றாள். "என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"ஐயாகிட்ட சொன்னேன்க்கா. உன்னை மாதிரி இருக்கச் சொன்னாரு. நான் உன்னை மாதிரிதான் இருந்தேன்." சற்றுப் பொறுத்து, தப்பு செய்த பிள்ளைபோல, "எனக்குத்தான் சரியா வரலபோல" என்றாள்.

வெந்நீரக்கா எழுந்தாள், நாற்காலியைச் சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்தாள், வெளியே நடந்தாள். அவள் மருத்துவமனை வாசலைத் தாண்டுவதற்குள் ஊர்த் தண்ணீர் முழுவதும் கொதிக்கத் தொடங்கிவிட்டது. நாலு தெரு எட்டுத் தெரு என்கிற கணக்கெல்லாம் அன்றைக்கு இல்லை. குழாய்கள் சீறின. பூச்சாடிகளில் ரோஜாக்கள் வெந்து தலைசாய்ந்தன. சாலையோரத்தில் நின்ற வண்டிகளெல்லாம் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி விட்டன. முடிதிருத்துகிறவர் தெளிக்கிற குப்பியைக் கீழே போட்டுவிட்டுப் பாதிச் சவரத்தில் இருந்தவரோடு தெருவுக்கு வந்தார். குளத்திலிருந்து வெள்ளையாக ஒரு சுவர் எழுந்து வானத்துக்குப் போனது. வாத்தியார் தன் பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அது அந்தப் பிள்ளைதான். வளர்ந்திருச்சு, அவ்வளவுதான்" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். அவள் ஓடவில்லை. சத்தம் போடவில்லை. முகம் எப்போதும்போல்தான் இருந்தது. அவள் போகிற வழியில் நின்றவர்கள் மட்டும் ஏனோ தலைத்துண்டை எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

பஸ் டிப்போவில் மதியத்தில் பஸ்ஸைக் கழுவுவது அவன் வழக்கம். வாளியில் துணியை முக்கிக்கொண்டிருந்தான். ஊரெல்லாம் கொதித்தும் அவன் வாளி மட்டும் அவளுக்காகக் காத்திருந்ததுபோல் இன்னும் குளிர்ந்தே இருந்தது. அவள் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் சிரிக்கப் போனான், சிரிப்பு வரவில்லை. வாளிக்குள் விட்ட கையை எடுக்கவும் முடியவில்லை. பயந்த மனிதனுக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும் ஒரு நொடி உண்டு. அந்த நொடி அவனுக்கு நீண்டுகொண்டே போனது. தண்ணீர் சூடேறியது. அவன் நெற்றி வேர்வை ஆவியாகப் போனது. கண்ணீர் கன்னத்தைச் சுட்டது. நரம்புக்குள் ஓடுவதும் தண்ணீர்தானே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா" என்றான். அவளுக்கு அது கேட்டது. உள்ளே இருந்ததெல்லாம் நியாயமான கோபம், அதில் ஒரு பொட்டுக் கலப்படம் இல்லை. அதனால்தான் நிறுத்துவதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அப்போது சைக்கிள் கீழே விழுகிற சத்தம் கேட்டது. போதகர் அங்கி பறக்க ஓடி வந்தார். "அம்மா! உங்க தங்கச்சி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அலறுறாங்க. உள்ள சுடுதாம். டாக்டருக்கே ஒண்ணும் புரியல. என்கிட்டதான் சொல்லி அனுப்பினாங்க. 'அக்காகிட்ட சொல்லுங்க, பிள்ளைக்குச் சுடுது'ன்னு."

பிள்ளையும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

வெந்நீரக்காவின் முகம் முதன்முதலாக மாறியது. சட்டென்று மூடிவிடத்தான் முதலில் தோன்றியது. மூடினால் என்னவாகும் என்பதும் அவளுக்குத் தெரியும். செத்த தண்ணீரில் காயம்கூட ஆறாது. பிள்ளை எப்படிக் கிடக்கும்? கொதிக்கவும் விட முடியாது, சாகவும் விட முடியாது. அத்தனை பெரிய நெருப்பை, ஊரையே வேகவைக்கிற நெருப்பை, ஒரு குழந்தை தாங்கும் அளவுக்கு இறக்கி அங்கேயே நிறுத்த வேண்டும். கோபத்தில் அவளுடைய முழங்கைக்கு உணர்வில்லை. "ஐயா" என்றாள், "இங்க வாங்க. அந்த வாளியில உங்க முழங்கையை விடுங்க."

"அம்மா, அதுல ஆவி பறக்குதே..."

"விடுங்கய்யா. சூடு எப்படி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருங்க."

போதகர் அங்கியின் கையை மேலே தள்ளினார். தப்பாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தைத் தானே எழுதிப் பார்க்கப்போகிறவர்போல உதட்டைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டு, வாளித் தண்ணீருக்குள் முழங்கையை விட்டார். உள்ளே ஏற்கனவே இன்னொருவன் கை இருந்தது. வெந்நீரக்கா கண்ணை மூடினாள். "பிடிச்சுக்கும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னாள். சைக்கிள் பழகுகிறபோது பின்னால் ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார் இல்லையா, பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, வண்டி விழாததால்தான் தெரியும், அப்படி ஒரு பிடி வந்து சேர்ந்தது.

"இப்ப?"

"சுடுதும்மா. ரொம்பச் சுடுது."

"இப்ப?"

"இன்னும்... இன்னும் இருக்கு."

"இப்ப?"

"கொஞ்சம் இறங்கியிருக்கு. ஐயோ, ஜில்லுனு போகுதும்மா, விட்டுராதீங்க!"

"இப்ப?"

போதகர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து வாளிக்குள் விழுந்தது. "சரியா இருக்கும்மா" என்றார். "சரியா இருக்கு."

ஊர் முழுவதும் சீறல் நின்றது. குழாய்களில் இளஞ்சூடாகத் தண்ணீர் வந்தது. அந்த நிமிடத்தில் வார்டில் தங்கை அலறலை நிறுத்திவிட்டு, பெருமூச்சு விட்டு, "பிள்ளை புரண்டு படுக்குது" என்று சொன்னதாகப் பக்கத்துக் கட்டில்காரி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

"கையை எடுங்க தம்பி" என்றாள் வெந்நீரக்கா. அவன் எடுத்தான். சிவந்திருந்தது, அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒருவரால் தன்னைக் கொன்றுவிட முடியும், ஆனால் கொல்லவில்லை என்பதை அவன் அதற்கு முன்னால் எங்கேயும் பார்த்ததில்லை. அது கொதிநீரைவிட அவனை அதிகம் நடுங்கவைத்தது.

"அவ இனி உங்க வீட்டுக்கு வரமாட்டா. துணிமணியை நான் வந்து எடுத்துக்கிறேன். நீங்க செஞ்சதைப் போலீஸ்கிட்ட அவளே சொல்லுவா. நான் பக்கத்துல நிப்பேன்."

"மன்னிச்சிருங்கக்கா."

"அதை அவகிட்ட கேளுங்க, எப்ப கேக்கலாம்னு அவ சொல்லும்போது. இப்ப வீட்டுச் சாவியைக் குடுங்க."

அவன் கொடுத்தான். அவள் குரலை உயர்த்தவே இல்லை. போதகர் ஈரக் கையைத் துடைக்காமலே எழுந்து நின்று, தயங்கித் தயங்கி, "கோபம் போயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"எங்கய்யா போகும்? அப்படியேதான் இருக்கு." சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஆனா பிடிச்சிருக்கிறது நான் இல்ல."

குளத்திலிருந்து எழுந்து போன ஆவியெல்லாம் மேலே கூடி மேகமாகியிருந்தது. அவள் டிப்போவை விட்டு வெளியேறி நடக்கத் தொடங்கியதும் மழை பெய்தது. குளிர்காலத்து மழை ஊசி மாதிரி குத்தும். இது குத்தவில்லை. முதலில் ஒரு தாய் சந்தேகத்தோடு முழங்கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். பிறகு கைக்குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். சாயங்காலம் வரை அந்த ஊரில் இருந்த கைக்குழந்தைகளெல்லாம் மழையில் குளித்தன. ஒன்றுகூட அழவில்லை. பெரியவர்களும் சும்மா நின்றார்கள், பாதிச் சவரத்தில் வந்தவர் சோப்பு நுரை வழிய வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்க மேடையில் ஏறவில்லை. கீழேயே, பெண்கள் வரிசைக்கு எதிரே நின்று, "சாந்தம் என்றால் உள்ளே ஒன்றும் இல்லாமல் இருப்பது என்று உங்களுக்குச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு அடி வாங்குவது என்று ஒரு சகோதரிக்குச் சொன்னேன். இரண்டும் தப்பு. இருக்கிற வல்லமை முழுவதையும் கடவுள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பச்சைப்பிள்ளை தாங்கும் அளவுக்கு மட்டும் நடப்பதுதான் அது. நான் அதை முழங்கையால் படித்தேன்" என்றார். தங்கையிடம் அவர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். வயதான பெண்களுக்கு அன்றைக்கு இருமல் வரவில்லை. பஸ்காரன் தண்டனையை அனுபவித்துவிட்டு வேறு ஊருக்குப் போனான்; அங்கே யாருக்கும் தெரியாதபடி ஒரு காப்பகத்தில் குளியலறை கழுவுகிறான் என்று சொன்னார்கள், உறுதியாகத் தெரியவில்லை.

பிள்ளை உரிய நாளில் பிறந்தது, பெண். ஞானஸ்நானம் கடுங்குளிரில் வைத்தார்கள். ஆலயப் பணியாளர் குழாயிலிருந்து பிடித்து ஞானஸ்நானத் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் விரலை மரக்கவைத்தது. போதகர் அங்கியின் கையை மடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே முழங்கையைத் தொட்டிக்குள் வைத்தார். வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையைப் பார்த்தார். வெந்நீரக்கா அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் போனது. போதகர் தலையசைத்தார். தங்கை பிள்ளையை நீட்டினாள். முதன்முதலாக அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். சன்னல் வெளிச்சத்தில் தழும்பு பளபளத்தது. தண்ணீர் நெற்றியில் விழுந்ததும் பிள்ளை கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மருத்துவமனையிலிருந்து டிப்போ வரை வெந்நீரக்கா நடந்துபோன தடம் அதன்பிறகு குளிரவே இல்லை. குளிர்காலம் வந்தால் ஊர்ப் பூனைகள் அந்த வழி நெடுகிலும் வரிசையாகப் படுத்துக்கிடக்கும். சாந்தமானவர்களுக்கு இந்தப் பூமியே கிடைக்கும் என்று ஆலயத்தில் வாசிக்கிறார்களே, அதன் முதல் தவணை இதுதான் என்பார் விறகுக்கடைக்காரர். சாலை போடுகிறவர்களும் பூனைகளைத் தாண்டித் தாண்டித்தான் போட்டார்கள்.

வெந்நீரக்கா முதுமையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். சலவைக்கூடத்துப் பாய்லரை இன்றுவரை யாரும் பழுது பார்க்கவில்லை. துணி வெள்ளையாகத்தான் வருகிறது. போதகர்கள் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் முதல் ஞானஸ்நானத்தன்று தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, இதை யார் சூடாக்கினது என்று கேட்பார். ஆலயப் பணியாளர் அதற்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. "அங்கிக் கையை மடிச்சுக்குங்கய்யா, நனைஞ்சிரும்" என்பார். அவ்வளவுதான்.